தாண்டிக்குடிச் சரிவில் ரெண்டு மூட்டை எஸ்.795

ஆண்டிபட்டிக் கடைவீதியில் காப்பித்தூள் வாங்கப் போனால் மூன்று கேள்வி வரும். பீபெரியா, ஏ-வா? சிக்கரி எவ்வளவு? நைஸா அரைக்கவா, கொஞ்சம் கரகரப்பாவா? யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரால் சொல்ல முடியாது. அவருக்கு வருகிற மூட்டையில் அது எழுதியிருக்காது.

இத்தனைக்கும் காப்பி விளைகிற மலைகள் நம்மைச் சுற்றித்தான் நிற்கின்றன. மழை விட்ட காலையில் மாடியில் ஏறினால் வடக்கே வைகை அணைக்கு அப்பால் பழனிமலை நீளமாகத் தெரியும். அதன் கீழ்மலைச் சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மங்களம்கொம்பு, கே.சி.பட்டி என்று ஊருக்கு ஊர் காப்பித் தோட்டம். மேற்கே போனால் அகமலை, குரங்கணி, கொட்டகுடி. நான் முப்பது வயது தாண்டும்வரை இந்த மலைகளில் ஒன்றின் பெயரைச் சொல்லி எனக்கு யாரும் காப்பி கொடுத்ததில்லை.

இந்தப் பதிவு, அந்தக் கீழ்மலையில் ஒரே ஒரு தோட்டத்தின் காப்பியைப் பற்றியது. வீட்டில் பச்சைக் கொட்டை வாங்கி வறுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் அப்படி வறுக்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டோம்.

வத்தலக்குண்டில் இறங்கி, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாக மேலே ஏறுகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பட்டிவீரன்பட்டியைச் சும்மா கடந்துபோக எனக்கு மனசு வருவதில்லை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் ஊர் அது. சென்னையின் பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்மலைக் காப்பிக்கு வாசல் மாதிரியான ஊரும் அதுதான். மலையிலிருந்து இறங்கும் காப்பியை உடைத்து, சலித்து, தரம் பிரிக்கிற வேலை அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

பெரும்பாறைக்கு மேலே காற்று மாறும். அங்கிருந்து தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது நான் சொல்லும் தோட்டம். சின்னத் தோட்டம். பலா, ஆரஞ்சு, கல்யாண முருங்கை, சில்வர் ஓக், ஊடே மலைவாழை. இவற்றின் நிழலில் காப்பி. நிழல் மரங்களில் மிளகுக்கொடி. தோட்டக்காரருக்கு எழுபது வயது இருக்கும். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த வருஷக் கொட்டை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது, ஆட்கள் மலையேறி வந்து வெறுங்கையோடு திரும்பினால் தனக்குச் சங்கடம் என்றார். அவர் சொல்லை மதிக்கிறேன்.

தோட்டத்தின் பெரும்பகுதியில் காவேரி ரகம். கிழக்குப் பக்கம் ஒரு மூலையில் மட்டும் உயரமாக, பழைய செடிகள். அடிமரம் என் தொடை அளவுக்கு இருக்கிறது. "இது எங்க அப்பா வச்சது தம்பி. எஸ்.795. எல்லாரும் பிடுங்கிட்டு வேற வச்சாச்சு. எனக்கு மனசு வரல" என்றார். அந்த மூலையில் ஒரு வருஷத்துக்கு ரெண்டு மூட்டை தேறினால் அதிகம்.

எஸ்.795-இன் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இலங்கையில் 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காப்பியையே அழித்து, தேயிலைக்கு இடம் கொடுத்தது நமக்குத் தெரியும். கண்டிச் சீமைக்குக் கூலியாகப் போன நம் ஜனங்களின் வரலாற்றோடு சேர்ந்த கதை அது. அதே நோய் தென்னிந்தியாவையும் பிடித்தது. 1911-வாக்கில் மைசூர்ச் சீமையில் தொட்டேன்குட்டா என்ற தோட்டத்தில், கென்ட் என்ற தோட்டக்காரர் நோய்க்கு நடுவிலும் செழிப்பாக நின்ற ஒரு செடியைக் கவனித்து, அதன் விதையைப் பெருக்கினார். அதுதான் கென்ட்ஸ் ரகம். பிறகு கர்நாடகத்தின் பலேஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், அந்தக் கென்ட்ஸையும் எஸ்.288 என்ற இன்னொரு ரகத்தையும் கலந்து 1940-களில் எஸ்.795-ஐ வெளியிட்டார்கள். எஸ்.288-இன் ரத்தத்தில் லைபீரிகா என்ற வேறு காப்பி இனமும் கலந்திருக்கிறது. இந்தியாவின் அராபிகா தோட்டங்களில் அரை நூற்றாண்டு ஆண்ட ரகம் இது. இந்தோனேசியா வரைக்கும் போய் அங்கே ஜெம்பர் என்ற பெயரில் விளைகிறது.

பிறகு ஏன் பிடுங்கினார்கள்? துருவைத் தாங்கும் சக்தி காலப்போக்கில் குறைந்தது ஒரு காரணம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பெரிய காரணம். அதன் புழு தண்டுக்குள் போய்விட்டால் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. செடி உயரமாக வளர்வதால் பறிப்பும் கஷ்டம். குட்டையான காவேரி நெருக்கி நடலாம், சீக்கிரம் காய்க்கும். கடனில் இருக்கிற சின்ன விவசாயி எதை நடுவார்? அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஆனால் சுவையில் நான் எஸ்.795 பக்கம்தான் நிற்பேன். காவேரிக் காப்பியும் நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். இந்தப் பழைய செடியின் காப்பியில் இருக்கிற வெல்லப்பாகு மாதிரியான நிறைவு அதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு தோட்டத்துக் காப்பி, கலப்பில்லாமல், அந்தத் தோட்டத்தின் பெயரோடு. இதை வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் நாட்டில் அது இல்லாமல் போனதற்கு ஒரு சட்டமும் காரணம். 1942-இன் காப்பிச் சட்டத்தின்படி, விளைந்த காப்பியைத் தோட்டக்காரர் தாமாக விற்க முடியாமல் இருந்தது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில், பூல் என்பார்கள், ஒப்படைக்கவேண்டியிருந்தது. தரத்துக்கு இத்தனை புள்ளி என்று போட்டு, தவணை தவணையாகப் பணம் வரும். உலகப்போரில் ஏற்றுமதி நின்று விலை விழுந்த நேரத்தில் விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. பலரைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் எல்லார் வீட்டுக் காப்பியும் ஒன்றாகச் சேர்ந்தபோது, எந்தச் சரிவில் எது ருசி என்று தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப்போனது. சிரத்தையாகப் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்தவருக்கும், பச்சையும் பழமுமாக உருவியவருக்கும், தரம் ஒன்றென்றால் புள்ளியும் ஒன்றுதான். 1990-களின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழுவிளைச்சலையும் யாருக்கும் விற்கலாம் என்று ஆனது.

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. விதைக்கும், தன் வீட்டு உபயோகத்துக்கும் தோட்டக்காரர் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். அதாவது, ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இந்த நாட்டில் ஒரே தோட்டத்துக் காப்பியைச் சட்டப்படி குடித்தவர்கள் அந்தந்தத் தோட்டத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான். தாண்டிக்குடிப் பெரியவர் இதை வேறு மாதிரி சொன்னார்: "எங்க அம்மா இந்த மூலைப் பழத்தைத்தான் வீட்டுக்குன்னு தனியா காயப்போடும். மத்ததெல்லாம் போர்டுக்கு." கிழக்கு மூலையின் காப்பி தனி ருசி என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் கப்பிங் படிக்காமல், வருஷா வருஷம் குடித்தே கண்டுபிடித்த விஷயம். அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

பனாமா நாட்டில் 2004-ல் நடந்தது ஏறக்குறைய இதேதான். ஹசியெண்டா லா எஸ்மரால்டா என்ற தோட்டத்தில் பீட்டர்சன் குடும்பம், தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியின் காப்பியையும் தனித்தனியாகக் குடித்துப் பார்த்தது. ஒரு பகுதியில் மட்டும் பூவாசம் தூக்கியது. எத்தியோப்பியாவிலிருந்து 1930-களில் எடுத்துப்போன கெய்ஷா என்ற ரகம், கோஸ்டாரிகா வழியாகப் பனாமாவுக்கு வந்து, யாரும் பெரிதாக மதிக்காமல் நின்றுகொண்டிருந்தது. அந்த வருஷம் ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் போய் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2025 ஏலத்தில் அதே தோட்டத்தின் 20 கிலோ கெய்ஷாவை, கிலோ 30,204 டாலருக்குத் துபாய்க்காரர்கள் எடுத்தார்கள். நம் பணத்தில் கிலோ ஏறக்குறைய 26 லட்சம். அந்த விலை எனக்குப் புரியாத உலகம், அதை விட்டுவிடலாம். ஒரு மூலையைத் தனியாகப் பறித்து, தனியாகக் காயவைத்து, தனியாகக் குடித்துப் பார்த்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

நம்மூரில் அந்தத் தனியாகக் காயவைப்பதுதான் பெரும்பாடு. கர்நாடகத்தில் பறிப்புக் காலம் பெரும்பாலும் வெயில் காலம். கீழ்மலையில் பழம் சிவக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். நான் ஒருமுறை அந்த நேரத்தில் அங்கே தங்கினேன். காலையில் பறித்த பழம் மதியம் பல்ப்பரில் போய்த் தோல் உரிகிறது. வழவழவென்று சவ்வு ஒட்டிய கொட்டையைத் தொட்டியில் போட்டு நொதிக்க விடுகிறார்கள். மலைக்குளிரில் ஒரு ராத்திரியில் வேலை முடியாது, மறுநாளும் ஆகும். பெரியவர் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்தித் தேய்த்தார். கொட்டை சரசரவென்று கூழாங்கல் மாதிரி உரசினால் கழுவலாம், இன்னும் வழுக்கினால் காத்திருக்கவேண்டும். கழுவின கொட்டையை, பார்ச்மெண்ட் என்பார்கள், களத்தில் மெல்லிசாகப் பரப்பினார்கள். பகல் பூராவும் ஒரு அம்மா பலகையால் கிளறிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு மேகம் இறங்கியதும் வீடே ஓடிவந்து அள்ளித் தார்ப்பாய்க்குள் சேர்த்தது. மறுநாளும் அதே ஓட்டம்.

வெயில் ஒழுங்காக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் காய்கிற கொட்டை, அந்த மழையில் மூன்று வாரம் இழுக்கும். நடுவில் ஒரு நாள் ஈரத்தோடு மூட்டமாகக் கிடந்தால் பூஞ்சை வாடை ஏறிவிடும், அப்புறம் எந்த வறுவலும் அதை எடுக்காது. பெரியவர் ரெண்டு மூட்டைக்காக மூங்கில் தட்டிகள் கட்டி, இடுப்பு உயரத்தில் தனியாகக் காயவைக்கிறார். கீழிருந்தும் காற்று போகும். ஆள்கூலியைக் கணக்குப் போட்டால் அந்த மூலையில் அவருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழனிமலைக் காப்பிக்கென்று வாரியம் புல்னீஸ் என்ற பெயரில் தனி முத்திரையும் வைத்திருக்கிறது. குடகு, சிக்மகளூரு, நீலகிரி, சேர்வராயன் உட்பட மொத்தம் 13 வட்டாரங்களுக்கு அப்படி உண்டு. ஆனால் 2019-ல் ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது குடகு, சிக்மகளூரு, பாபாபுடன்கிரி அராபிகாக்களும், வயநாடு ரொபஸ்டாவும், ஆந்திராவின் அரக்கு அராபிகாவும் வாங்கின. தமிழ்நாட்டுக் காப்பி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அதே பழனிமலையின் விருப்பாச்சி வாழைக்கு உண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு உண்டு, கீழே கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் கிடைத்தது. நாட்டின் காப்பி விளைச்சலில் தமிழ்நாட்டின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதில் பெரும்பகுதி அராபிகா. இந்தியா மொத்தமாகப் பார்த்தால் ரொபஸ்டாதான் அதிகம். அளவில் சின்னது, ஜாதியில் நல்லது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஊர்ப்பக்கம் "மரநாய்க் காப்பி கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் நிறைய. மரநாய் நல்லாப் பழுத்த பழமாகப் பார்த்துத் தின்று கொட்டையைக் கழிக்கும், அது உண்மைதான். அதற்காக அதைக் கூண்டில் அடைத்துப் பழத்தை மட்டுமே போட்டு வளர்க்கிற கொடுமையைக் காசு கொடுத்து வாங்கமாட்டேன். பழுத்த பழத்தைப் பார்த்துப் பறிக்க நம் கைகள் இருக்கின்றன.

சரி, கொட்டை கைக்கு வந்தாச்சு. எப்படி வறுப்பது?

வீட்டில் வறுப்பது நமக்குப் புதுசு இல்லை. பல வீடுகளில் கைப்பிடி சுற்றுகிற இரும்பு உருளையும், சுவரில் திருகி வைத்த அரைக்கிற மெஷினும் இருந்த காலம் உண்டு. வறுத்த தூள் பாக்கெட்டில் வந்த பிறகு அவை பரணுக்குப் போயின. பரணில் இருந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் கனமான இரும்புச் சட்டி போதும். கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், கிளற முடியாது. சன்னலைத் திறந்துவிடுங்கள், புகை வரும்.

சட்டியை நன்றாகக் காயவைத்துக் கொட்டையைப் போட்டதிலிருந்து கை நிற்கக்கூடாது. முதலில் பச்சை வெளுத்து மஞ்சளாகும். அப்போது வைக்கோல் வாசம் வரும். அடுத்து வெந்த சோளம், அப்புறம் ரொட்டி சுடுகிற வாசம். நிறம் பழுப்புக்கு வரும்போது மேல் சவ்வு உரிந்து பறக்க ஆரம்பிக்கும். ஒன்பது, பத்து நிமிஷத்தில், கொட்டையின் சூடு 200 டிகிரியை ஒட்டி வரும்போது, படபடவென்று வெடிக்கும். உள்ளே இருக்கிற நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறுகிற சத்தம் அது. இந்த வெடிப்பு தொடங்கியதும் தீயைக் கொஞ்சம் குறைக்கவேண்டும். வெடிப்பு அடங்கி ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அங்கே இறக்கிவிடுங்கள்.

நம் பழக்கம் இதற்கு மேலும் போவது. ரெண்டாவது வெடிப்பு வந்து, எண்ணெய் மேலே மினுங்கி, கறுப்பாகும்வரை வறுப்போம். சிக்கரியும் பாலும் சேர்க்கிற கள்ளிச்சொட்டு டிகாக்ஷனுக்கு அந்தக் கசப்பு தேவைப்படுகிறது. கடைக் கொட்டைக்கு அது சரி. இந்த ரெண்டு மூட்டைக் கொட்டையை அப்படிக் கறுக்க வறுத்தால் கிழக்கு மூலையும் தெரியாது, மேற்கு மூலையும் தெரியாது. எல்லாக் கொட்டையும் கரியில் ஒன்றாகிவிடும். பூல் செய்ததை நாமே சட்டியில் செய்தமாதிரி ஆகும்.

இறக்கியதும் முறத்தில் கொட்டி, ஃபேனுக்கு அடியில் புடைத்து ஆறவிடவேண்டும். சவ்வு பறந்து வீடெல்லாம் போகும், அதனால் நான் வாசலில் செய்வது வழக்கம். எடை போட்டால் ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அன்றைக்கே அரைக்காதீர்கள். கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைய இருக்கும், அது அடங்க நாலைந்து நாள் வேண்டும். ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தால் வாசமே வேறாக இருக்கும்.

குடிப்பதற்கு நம் பித்தளை ஃபில்ட்டரே போதும், ஆயிரக்கணக்கில் சாமான் வாங்கவேண்டியதில்லை. பொடியைக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து, லேசாக மட்டும் அமுக்கி, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றுங்கள். சிக்கரி வேண்டாம். முதல் தரம் பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது கருப்பட்டி மாதிரி ஒரு கனம். ஆற ஆறத்தான் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம் எட்டிப்பார்க்கும். ஆரஞ்சு மர நிழலில் விளைவதால் அந்த வாசம் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. உயரமும், மெதுவாகப் பழுப்பதும், நிதானமான நொதிப்பும் கொடுக்கிற புளிப்பு அது என்பது என் எண்ணம். அப்புறம் தாராளமாகப் பால் சேர்த்துக் குடியுங்கள். பால் ஊற்றினால் காப்பியின் மானம் போய்விடும் என்கிற கட்சி நான் இல்லை. எஸ்.795-க்குப் பாலைத் தாங்குகிற உடம்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் என் அம்மா இதைப் பாலோடுதான் குடிக்கிறார், கடைத்தூளுக்குத் திரும்ப மறுக்கிறார்.

விலையைப் பற்றியும் பேசிவிடலாம். பெரியவருக்கு நான் கொடுப்பது சந்தை விலையைவிடப் பாதிக்கும் மேல் அதிகம். கூட வறுக்கிற நண்பர் ஒருவர் இது அநியாயம் என்றார். அவருக்கு என் பதில் இது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த வருஷம் எந்த வியாபாரியும் கீழ்மலையில் நல்ல விலை கொடுத்திருப்பார். அந்த விலை இறங்கும் வருஷமும் வரும், அப்போதும் அந்தப் பழைய செடிகள் நிற்கவேண்டும் என்றால், அவற்றுக்கென்று ஒரு விலை தனியாக இருந்தே ஆகவேண்டும். ரெண்டு மூட்டையை ஏற்றுமதிக்காரர் வாங்கமாட்டார், அவருக்குக் கன்டெய்னர் கணக்கு. கால் கிலோ, அரைக் கிலோவாக வறுக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் அந்த மூலைக்குச் சரியான ஆட்கள். 2013-ல் டெல்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் மாதிரியான கம்பெனிகள் பாக்கெட்டில் தோட்டத்தின் பெயரையும் வறுத்த தேதியையும் போட்டு நகரங்களைப் பழக்கிவிட்டன. மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு அந்தப் பழக்கம் வர டெல்லி வரைக்கும் போய் வரவேண்டியதில்லை.

தோட்டம் வைத்திருக்கிறவர்கள், தோட்டக்காரரின் சொந்தபந்தங்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கென்று எந்த மூலைப் பழத்தை எடுக்கிறீர்களோ, அதில் ஒரு இருபது கிலோவைத் தனியாக வையுங்கள். கடையில் சொல்கிற பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற கொட்டை, அவ்வளவுதான். அது அளவைச் சொல்லும், வேறொன்றையும் சொல்லாது. மூட்டையின் மேல் தோட்டத்தின் பெயர், எந்தச் சரிவு, என்ன ரகம், பறித்த மாதம், கழுவினதா பழத்தோடு காயவைத்ததா, இதை மட்டும் எழுதுங்கள். கையால் எழுதினால் போதும்.

வாங்குகிறவர்களுக்கு: கொட்டையைக் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, வாங்காதீர்கள். நன்றாகக் காய்ந்தது 10, 11 சதவீத ஈரத்தோடு கல்லாக இருக்கும், நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். சாக்கோடு தரையில் வைக்கவேண்டாம். பச்சைக் கொட்டை ஒரு வருஷம் தாங்கும், அதற்கப்புறம் வெளுத்து வைக்கோல் ருசி வந்துவிடும், அதனால் ஆசைக்கு வாங்கிச் சேர்க்காமல் வறுக்கிற அளவுக்கு வாங்குங்கள். கீழ்மலையில் பறிப்பு முடிந்து, பார்ச்மெண்ட் காய்ந்து, பட்டிவீரன்பட்டிக்கு இறங்கி உடைபட்டு வரப் பங்குனி ஆகிவிடும். தை மாதமே மலைக்குப் போய்ச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.